மூச்சு வாங்கும் பூச்சிப்படை

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் வயதுக்குத் தக்க சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானா?

எழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று திகைத்திருப்பாய். என்னுடையதுதான். இத்தனை வருடமும் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணிதான் உனக்கு எழுதினாள். போன வருடம் பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை விழுந்த பிறகு, நம் வீட்டில் எழுதுகிற கை இல்லாமல் போயிற்று. அதனால் நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எல்லோரையும்விட நான்தான் மூத்தவன், டீச்சரின் அப்பாவையும் சேர்த்து. ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது. ஆனாலும் சொல்கிறேன் வாலு, இதைப் போல ஒரு சுகம் இல்லை. கடிதத்தில் நடுவே புகுந்து யாரும் பேச முடியாது. உன் அண்ணியோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று உனக்குத் தெரியாதா?

கடல் தாண்டி, உன் பழைய வீடியோ கேம் கடையிலிருந்து நீ அனுப்பிய பெட்டியும் பூச்சிப்படை விளையாட்டுக் கேசட்டும் வந்து சேர்ந்தன. டி.வி.யில் அந்தச் சத்தம் கேட்டதுமே அவள் படுக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நாங்கள் வேலை செய்த வீடியோ கேம் ஹாலில் திறப்பதிலிருந்து மூடும்வரை காதில் விழுந்த சத்தமல்லவா. நான் இடுப்பில் சாவிக்கொத்தோடு மெஷின்களைத் திறந்து பழுது பார்ப்பேன். அவள் டோக்கன் கவுண்டரில் இருப்பாள்.

கைப்பயிற்சிக்கு வரும் நர்ஸ் கொடுத்த ரப்பர் பந்தை அவள் சீண்டுவதே இல்லை. "இதை அமுக்கினா என்ன கிடைக்கப் போகுது?" என்பாள். இப்போது ரிமோட்டைப் பிடித்து, இடது கையால் திரையில் உள்ள கப்பலை நகர்த்திக்கொண்டு வலது கட்டைவிரலால் சுடுகிற பொத்தானை அமுக்குகிறாள். விரல் நடுங்குகிறது, ஆனாலும் அமுக்குகிறாள். இந்த வருடத்துக்குள் கையைப் பழக்கிவிட்டால் அசைவு திரும்பிவிடும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஒரே திரையில் ஆளுக்கொரு கப்பல். யார் அதிகம் பூச்சி சுடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். தினமும் நான் தோற்றுக் கொடுக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. நோயாளி மனம் குளிரட்டுமே.

நேற்று படத்தில் நிறம் வரவில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் டெய்லர் மாஸ்டரைக் கூப்பிட்டேன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறவர், மனைவியும் இல்லை. ஒயரைத் திருப்பிச் செருகினார், நிறம் வந்துவிட்டது. பாவம், தனி மனுஷன். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள் என்று நானேதான் சொன்னேன்.

உன் கடை வியாபாரம் எப்படி? மாப்பிள்ளையின் மூட்டுவலி தேவலையா?

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய
அண்ணன்


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே இருவரும் நலம். மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது, அவரை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை.

உங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இத்தனை வருடமாக உங்கள் கடிதங்களில் கோபமோ குசும்போ இருந்ததே இல்லை. அண்ணா வயதாகி அடங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். அண்ணி வடிகட்டித்தான் அனுப்பியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

ரிமோட்டை அண்ணி இரண்டு கையாலும் பிடிக்கட்டும், மடியில் தலையணை வைத்துக்கொண்டால் வலிக்காது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் அனுப்பியது நம் ஹால் மெஷினைப் போலவே இருக்காது. பூச்சிப்படையின் வீட்டுப் பதிப்புகளில் அது நடுத்தரம். அப்போது கடையில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீங்கள் வகுப்புக்குப் போயிருந்தீர்கள், அண்ணி எடுத்தார். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, அவர் அப்படிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

படிகளில் பார்த்து இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாலு


மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் இருவர் சுகமும் அறிந்து சந்தோஷம். என் சுகத்தைப் பற்றிக் கேட்காதே.

அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். பின்னால் பேசியது யார் என்று நான் சொல்கிறேன். டெய்லர் மாஸ்டர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான் என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. இந்தக் கடிதத்தையும் வகுப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அங்கேயே உறையை ஒட்டிவிடுவேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனுஷன் இறங்கி வந்துவிடுகிறார். தையல் மெஷின் முன்னால் போட்டு உட்கார்ந்த தன்னுடைய குஷனையும் கையோடு கொண்டுவருகிறார். தலைவாரிக்கொண்டு வருகிறார். வாருவதற்கு அங்கே என்ன இருக்கிறது? "மாஸ்டர், குஷனைத் தட்டிப் போட்டு உக்காருங்க" என்கிறாள் உன் அண்ணி. கல்யாணமான நாள் முதல் நான் உட்கார்ந்த எதையும் அவள் தட்டிப் போடச் சொன்னதில்லை.

சரி, ஆடட்டும். ஆடுகிற விதம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரக்கமே இல்லாமல் அவளை ஜெயிக்கிறார். அவள் பக்கத்துப் பூச்சியையும் சேர்த்துச் சுடுகிறார். பெண்பிள்ளை, நோயாளி என்ற நினைப்பு துளிகூடக் கிடையாது. "என்னம்மா, கை தூங்கிடுச்சா?" என்று கேட்டார் ஒரு நாள். எனக்கு எழுந்து ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அவளோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எழுப்பிக் காட்டுறேன், போடுங்க இன்னொரு ஆட்டம்" என்றாள்.

அதே பெண்தான் என்னோடு ஒரு ஆட்டம் ஆடியதும் கை வலிக்கிறது என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறாள். அதுவும் அவள் ஜெயித்த ஆட்டம்.

நானும் மாஸ்டரோடு ஆடிப் பார்த்தேன். அங்கே தோற்றுக் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை, தானாகவே தோற்றேன். ஹாலில் என்னை ஜெயித்தவன் உண்டா சொல்? இந்தக் கேசட்டில் பூச்சிகள் பேய் பிடித்தது போல இறங்குகின்றன. நம் மெஷினில் திரை நிறையப் பூச்சி சேர்ந்ததும் மெஷினுக்கு மூச்சு வாங்கும், எல்லாம் மெதுவாகும். அந்த இடத்தில்தான் நான் ஆளைக் கவிழ்ப்பேன். இதில் மூச்சே வாங்குவதில்லை. ஹால் மெஷினைக் கண்ணால் பார்த்திராத மாஸ்டருக்கு அதனால் நஷ்டமும் இல்லை. ஊசியில் நூல் கோத்த விரல்கள், பொத்தானைத் தையல் போடுவது போலத் தட்டுகிறார்.

ஆகவே உன்னை ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பதிப்புகளிலேயே சிறந்தது எது? நம் மெஷின் போலவே இருக்கிறது எது? அதை அனுப்பு. ஒரு மத்தியானம் போதும் எனக்கு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

வயிறு எரியும்
அண்ணன்


மார்ச் 25

அன்பு அண்ணாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். வயிற்றெரிச்சலுக்கு என் கடையில் மருந்து இல்லை, கேசட்தான் இருக்கிறது. அதுவும் இப்போது இல்லை, தேட வேண்டும். விவரமாகச் சொல்கிறேன்.

பூச்சிப்படை வீட்டுக்கு மூன்று தடவை வந்தது. முதலில் வந்தது மிகப் பழைய பெட்டிக்கு. அத்தனை பூச்சிகளையும் ஒரே சமயத்தில் காட்ட அந்தப் பெட்டிக்குத் தெம்பில்லை. அதனால் அவை மின்மினி போல அணைந்து அணைந்து எரியும், வரிசையிலும் பாதிதான் நிற்கும். படை என்று பெயர், பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்த நாலு பேர் மாதிரி இருக்கும்.

இரண்டாவது உங்களிடம் இருப்பது. நிறமும் சத்தமும் அச்சு அசல். ஆனால் ஹால் மெஷினின் திரை நெட்டுக்குத்தாக நிற்கும், டி.வி.யோ படுத்துக் கிடக்கும். நெட்டையான படத்தைக் குட்டையாக்கி அடைத்துவிட்டார்கள். அங்கே பூச்சி ஒரு மாடி இறங்கி வர வேண்டும், இங்கே ஒரு படி இறங்கினால் போதும். அதோடு, மெஷின் மெதுவாவது ஒரு கோளாறு என்று நினைத்து அதைத் திருத்தியும் விட்டார்கள்.

மூன்றாவது, உங்களிடம் இருக்கும் அதே பெட்டிக்குக் கடைசியாக வந்தது. திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டு நடுவில் படத்தை நெட்டையாகவே நிறுத்தியிருக்கிறார்கள். கோளாறையும் அப்படியே வைத்துவிட்டார்கள். பூச்சி சேர்ந்தால் அதற்கும் மூச்சு வாங்கும். இதைப் பற்றி என் கடையில் வாரம் ஒரு சண்டை நடக்கும். பழுதைப் போய்க் காப்பாற்றுவானா என்று ஒரு கூட்டம் கேட்கும், பழுதுதான் ஆட்டமே என்று இன்னொரு கூட்டம் சொல்லும். என்னைக் கேட்டால் வீட்டுக்கு வந்த பதிப்புகளில் அதுதான் சிறந்தது. கிடைப்பதுதான் அரிது. சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் அண்ணா, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேசட் வரும்வரை ஒன்றை யோசியுங்கள். அண்ணியோடு நீங்கள் நிஜமாக ஆடுகிறீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

வாலு


ஏப்ரல் 8

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

வகுப்பில் இப்போது நான் சத்தமாகப் படிக்கிறேன். வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே வருவதால் வீடு வந்து சேர நேரமாகிறது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே போன வாரம்தான் தெரிந்தது. இத்தனை காலம் பெயர் தெரியாத வீட்டில் வாடகை கொடுத்திருக்கிறேன். டீச்சர் என் 'ஞ'வைப் பார்த்து, இவ்வளவு அழகாக வகுப்பில் யாரும் எழுதுவதில்லை என்றாள். அதற்காகவே 'ஞ' வருகிற சொற்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு. ஞாபகம். விஞ்ஞானம். கொஞ்சம், நெஞ்சம், வஞ்சம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன். உன் வீடியோ கேம் பெட்டி பழுதாகிவிட்டது. படம் வருவதில்லை. பழைய பொருள்தானே, உன் மேல் குற்றமில்லை. மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குஷனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. நானும் உன் அண்ணியும் மத்தியானங்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவளும் நிம்மதியாகத்தான் இருப்பாள், ஒன்றும் பேசுவதில்லை.

மூன்றாவது கேசட்டுக்கு அவசரமில்லை. பெட்டியே இல்லாதபோது கேசட் எதற்கு?

மாப்பிள்ளைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதுகிறேன், அண்ணியின் கைப்பயிற்சி நிற்கக் கூடாது.

அந்தப் பெட்டியை நானே திறந்து சுத்தம் செய்து, கடையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். அவ்வளவு சீக்கிரம் சாகிற பெட்டி இல்லை அது. நான் சொல்வதைச் செய்யுங்கள். பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? கேசட்டை உருவி, அடியில் உள்ள பித்தளைப் பற்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். எல்லோரும் செய்வதைப் போல வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் களிம்பு பிடிக்கும். ஒரு பக்கமும் சாயாமல் நேராகச் செருகி அழுத்துங்கள். அப்படியும் படம் வரவில்லை என்றால் டி.வி. ஒயரை மாற்றுங்கள். டெய்லர் மாஸ்டரைக் கேட்டால் செய்து தருவாரே?

என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள். அண்ணியோடு நிஜமாக ஆடுகிறீர்களா என்று போன கடிதத்தில் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

அன்புடன்,
வாலு


மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம்.

சிவப்பு விளக்கு எரிகிறது. படம் வரவில்லை. துடைப்பதற்கு ஒன்றுமில்லை. மாஸ்டர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தங்கச்சி ஆள் அனுப்புவாள் என்று சொல்லிவிட்டேன்.

நர்ஸ் வந்திருந்தாள். உன் அண்ணியின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். விட்டதும் அவை மறுபடி சுருண்டுகொண்டன. போன மாதம் இருந்ததைவிட இறுகியிருக்கிறது, பயிற்சியை நிறுத்திவிட்டீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். உன் அண்ணியும் என்னைப் பார்த்தாள். நான் ரப்பர் பந்தைத் தேடினேன்.

இன்று எழுத்து ஓடவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

அண்ணன்


மே 10

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பைக்குள் மறைப்பதை இப்போதுதான் கேட்கிறேன். கேசட் இல்லாத பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும் அண்ணா. இந்தக் கடையில் உட்கார்ந்து எனக்கு முடி நரைத்துவிட்டது, இதுகூடத் தெரியாதா? இருந்தாலும் அண்ணா அப்படிச் செய்வாரா என்று மனசு வராமல் அண்ணிக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். நான் வடிகட்ட மாட்டேன்.

"கேசட்டை நோட்டுக்குள்ள வச்சு வகுப்புக்குக் கொண்டு போறார். எனக்குத் தெரியும். நான் கேக்க மாட்டேன். அவரா எடுத்து வைக்கட்டும்."

கை இறுகுகிறதே அண்ணி, கேட்டால் என்ன என்றேன். அதற்கு அவர் சொன்னார்.

"மாஸ்டர் என்னை ஜெயிக்கிறார். அப்போ எனக்கு ஒரு கை இருக்கு, அதை ஜெயிக்கணும்னு ஒருத்தர் பாடுபடுறார்னு தெரியுது. உங்க அண்ணன் தோத்துக் கொடுக்கிறார். அப்போ எனக்குக் கையே இல்லைன்னு தெரியுது. பூச்சி முன்னால வந்து நிக்குது, அவர் வேணும்னே வேற பக்கம் சுடுறார். எனக்குக் கைதான் போச்சு, கண்ணுமா போச்சு? ஹால்ல வேலை பார்த்தப்போ காலையில கதவு திறக்கிறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஆடுவோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் எனக்கு விட்டுக் கொடுத்திருந்தா அவரைக் கட்டியிருக்கவே மாட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு அண்ணியின் மேல் பொறாமையும் வந்தது. எனக்கும் இங்கே ஒருவர் கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றிலும் விட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதை நான் பாசம் என்றே எண்ணியிருந்தேன்.

மூன்றாவது கேசட் கிடைத்துவிட்டது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கப்பலில் வருவதால் தாமதமாகும். அது வரும்வரை கையில் இருப்பதைப் பெட்டியில் செருகுங்கள்.

இப்போது கேட்கிறேன், சுகமா?

தங்கச்சி


ஜூன் 1

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும், மாடியில் இருப்பவரும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுது.

உன் கடிதத்தை வகுப்பில்தான் படித்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் உன் அண்ணி எனக்குப் படித்துக் காட்டும்போது நீ இப்படியெல்லாம் எழுதியதில்லையே என்று நினைத்தேன். ஒருவேளை எழுதியிருப்பாய். அவள் இரண்டு பக்கமும் வடிகட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, பையைத் திறந்து கேசட்டை எடுத்துப் பெட்டியில் செருகினேன். அவள் ஜன்னல் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "படிப்பு முடிஞ்சுதா அதுக்கு?" என்று கேட்டாள். நான் பையை மூடினேன். "பாஸா பெயிலா?" என்றாள். பெயில் என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானாகவே மாடிக்குப் போய் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் குஷனை எடுக்காமல் வந்தார். மறுபடி ஏறிப் போய் நானே அதையும் எடுத்து வந்தேன்.

இனிமேல் நிஜமாகவே ஆடுவது என்று முடிவு செய்தேன். அது நினைத்த மாதிரி இல்லை. இத்தனை நாள் விட்டுக் கொடுத்துப் பழகிய விரல் பூச்சியைப் பார்த்ததும் ஒதுங்குகிறது. ஒதுங்கினால் உடனே தெரிந்துவிடுகிறது அவளுக்கு. திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் இப்போது என்னோடு இரண்டாவது ஆட்டமும் ஆடுகிறாள். விரல்கள் கொஞ்சம் இளகியிருப்பதாக நர்ஸ் சொன்னாள். கொஞ்சம்தான். டம்ளரைக் கொடுத்தால் பிடிக்கிறாள், தூக்க வரவில்லை.

மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் ஜெயிக்கிறார். ஹால் கதையைக் கேட்டதிலிருந்து என்னைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் இன்னும் அவருடைய பேச்சுக்குத்தான் அதிகம் சிரிக்கிறாள். நான் எண்ணவில்லை, காதில் விழுகிறது. உண்மையைச் சொல்கிறேன், என் வயிறு எரிவது நிற்கவில்லை. முன்பு ஒளித்து வைத்தேன், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எரிகிறேன். அவ்வளவுதான் முன்னேற்றம்.

பார்சல் வரவில்லை. தபால்காரனை வழிமறித்துக் கேட்டுக் கேட்டு, அவன் எதிர்த் தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டான்.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். அவரோடு எதிலாவது சண்டை போட்டுப் பார். தோற்றுக் கொடுத்தால் எனக்கு எழுது, நான் அவருக்கு ஒரு கடிதம் போடுகிறேன்.

அண்ணன்


ஜூலை 14

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறோம். நெற்றியில் மட்டும் எனக்கு ஒரு வீக்கம். பயப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு மத்தியானமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பார்சல் வந்தது. கேசட்டைச் செருகினேன். நீ சொன்னபடி இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் நெட்டையாகத் திரை. நம் மெஷினேதான். டி.வி.க்குக் கீழே டோக்கன் போடுகிற துளை இருக்கிறதா என்று என் கண் தேடியது. மாஸ்டர் குஷனில் வசதியாக உட்கார்ந்து, "அம்மா, முதல்ல நாம ரெண்டு பேரும்" என்றார். எப்போதும் அவர்களுக்குத்தான் முதல் ஆட்டம்.

பூச்சிகள் இறங்கின. மாஸ்டர் வழக்கம் போலத் தட்டித் தள்ளினார். உன் அண்ணி சுடவே இல்லை. கப்பலை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு, சேரட்டும் என்று விட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் ஹாலில் செய்ததுதான் அது. டோக்கன் கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து தினமும் பார்த்தவளல்லவா. திரை நிறைந்தது. மெஷினுக்கு மூச்சு வாங்கியது. பூச்சிகள் தேனுக்குள் விழுந்தவை போல நகர்ந்தன. மாஸ்டர் அதே வேகத்தில் தட்ட, குண்டுகள் எல்லாம் பூச்சி வந்து சேருவதற்கு முன்பே போய்விட்டன. அவள் நிதானமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"என்னம்மா இது, மெஷினுக்கு வயசாயிடுச்சா?" என்றார் மாஸ்டர்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். எதற்கு என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லக் கூடாதுதான், அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அவர் தோற்று, ரிமோட்டை என்னிடம் கொடுத்தார்.

பிறகு நாங்கள் இருவரும் ஆடினோம். அவளும் காத்திருக்கிறாள், நானும் காத்திருக்கிறேன். யார் முதலில் சுடுவது என்பதே பெரிய போட்டியாகிவிட்டது. மாஸ்டர், "யாராவது எதையாவது சுடுங்களேன்" என்று கெஞ்சினார். மூச்சு வாங்கியது. சுட்டோம். மூன்று தடவை அப்படி. அவள் விரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு பேருக்கும் சமமான கணக்கு, திரையில் ஒரே ஒரு பூச்சி. அது என் பக்கமாகவும் இல்லாமல் அவள் பக்கமாகவும் இல்லாமல் நடுவில் இறங்கியது.

வாலு, உன்னிடம் மறைக்க மாட்டேன். என் விரல் ஒதுங்கியது. இவ்வளவு நன்றாக ஆடியிருக்கிறாளே, இதை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று மனசு ஒரு கணம் குழைந்தது. பக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பூச்சியை இல்லை, என்னை.

சுட்டுவிட்டேன்.

அடுத்த கணம் என் நெற்றியில் ஏதோ வந்து மோதியது. அவளுடைய ரிமோட். எறிந்த வேகத்தில் ஒயர் இழுத்து, பெட்டி மேசையிலிருந்து விழுந்து, திரை கறுத்து, கணக்கெல்லாம் அழிந்துபோயிற்று. நான் ஜெயித்ததற்கு இப்போது சாட்சி மாஸ்டர் மட்டும்தான். "கடைசிப் பூச்சி என்னோடது. திருட்டுப் பயலே" என்றாள் உன் அண்ணி. என்னை அவள் அப்படித் திட்டிப் பல வருடம் ஆகிறது. நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாஸ்டர் எழுந்து நின்று, மெதுவாகச் சொன்னார். "சாவிக்காரரே, அம்மா எந்தக் கையால எறிஞ்சாங்க, பார்த்தீங்களா?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் விரிந்து, காற்றில் அப்படியே நின்றன.

நர்ஸ் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டாள். எறிந்தாள் என்றேன். தினமும் எறியச் சொல்லுங்கள் என்றாள். ஆகவே இப்போது அவளுக்கு ரப்பர் பந்தையும் எறிவதற்கென்று கொடுத்திருக்கிறோம். அமுக்க மாட்டேன் என்றவள் எறியச் சலிப்பதில்லை, ஆள் நான் எதிரில் இருந்தால் போதும். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ சொன்னது சரி, அது சாகிற பெட்டி இல்லை. வீட்டுக்கு வந்த பதிப்புகளில் மூன்றாவதுதான் சிறந்தது என்று உன் கடையில் சண்டை போடுகிறவர்களுக்கு என் சார்பாகச் சொல்.

அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். மாப்பிள்ளையை நானும் கேட்டதாகச் சொல். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவள் எறிந்ததை மாஸ்டர் எனக்கு முன்னால் பார்த்துவிட்டார் என்பதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்